நாகதாளியும் அதன் போலிகளும்: உலர்வலயப் புற்றரைகளிற் கள்ளியினங்களை அறிதல்

உலர்வலயத்தின் மேய்ச்சற்றரைகளிலும் பற்றைக்காடுகளிலும் சதைப்பற்றான தண்டுடைய செடிகள் பல வளர்கின்றன. இலையின்றியோ, இலை மிகச் சிறுத்தோ நிற்கும் இச்செடிகள் யாவற்றையும் நம் மக்கள் பெரும்பாலுங் கள்ளியென்னும் ஒரே பெயரால் அழைப்பர். பேச்சளவில் இதனாலாகுந் தீங்கொன்றுமில்லை. ஆனால், கத்தியும் மண்வெட்டியுங் கொண்டு நிலத்தைத் துப்புரவாக்கப் புகும் கமக்காரருக்கு இவ்வொரு பெயர் போதாது.

இச்செடிகளுள் ஒன்று வெட்ட வெட்டப் பெருகுவது. மற்றொன்று வெட்டுபவரின் கண்ணைக் கெடுக்கவல்லது. பிறிதொன்று எவருக்குந் தீங்கு செய்யாது இந்நாட்டு மண்ணில் தொன்றுதொட்டு வாழ்வது. மூன்றையும் ஒன்றெனக் கருதி ஒரே முறையாற் களைய முற்படுவோர், முதலாவதைப் பரப்பி, இரண்டாவதால் ஊறுபட்டு, மூன்றாவதை வீணே அழித்துவிடுவர். ஆகவே களைதற்கு முன் இனமறிதல் வேண்டும். அதிலும், செடி சிறிதாயிருக்கும்போதே இனமறிந்தால், ஒருவர் ஒரு முற்பகலில் முடிக்கக்கூடிய வேலை பல பேர் பல நாள் செய்யவேண்டிய வேலையாக வளராது தடுக்கலாம். அதற்கு வேண்டிய அடையாளங்களையும், களையும் முறையையும் விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

கள்ளியென்னும் பெயர்

தாவரவியலார் உண்மைக் கள்ளிகளெனக் கொள்பவை கக்டேசியே என்னுங் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் 1,500 க்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுள் ஒன்று தவிர ஏனைய யாவும் அமெரிக்கக் கண்டங்களுக்கே இயல்பாயுரியவை. அவ்வொன்று றிப்சாலிஸ் பக்சிபெரா என்பது. அமெரிக்காவிலன்றி ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் நமது இலங்கையிலும் அஃது இயற்கையாக வளர்கின்றது. ஆயினும் அது நிலத்தில் நிற்குஞ் செடியன்று. ஈரலிப்பான காடுகளில் மரங்களின்மீது தொற்றி, மெல்லிய பச்சைக் கயிறுகள் போலத் தொங்கி, வெண்மணி போன்ற சிறு பழங்களைத் தரும். வறண்ட புற்றரை அதற்குரிய இடமன்று.

இதிலிருந்து எளிதான ஒரு முடிவுக்கு வரலாம். உலர்வலயப் புற்றரையில் நிலத்தில் வேரூன்றி நிற்கும் உண்மைக் கள்ளி எதுவாயினும், அது கடல் கடந்து வந்ததேயாகும்.

அங்ஙனமாயின், சங்க இலக்கியத்திற் கூறப்படுங் கள்ளி யாது என்று சிலர் வினவக்கூடும். குறுந்தொகைப் புலவர்கள் பாலை நிலத்திற் கண்ட கள்ளியின் முட்கள் பிளவுபட்டவை. அதன் காய்கள் ஓசையுடன் வெடிப்பவை. இவ்விரு அடையாளங்களும் சதுரக்கள்ளி முதலிய பாலுள்ள கள்ளிகளுக்கே பொருந்தும். அமெரிக்கச் செடிகள் இப்பக்கத்துக்கு வந்தது 1492 ஆம் ஆண்டின் பின்னரே. எனவே கள்ளியென்னும் பழம்பெயர் முதலிற் பாற்கள்ளிக்கு உரியது. பின்னர் வந்த அமெரிக்கச் செடி, தோற்ற ஒற்றுமையால் அப்பெயரைத் தானும் பெற்றுக்கொண்டது. இன்றுள்ள மயக்கத்துக்கு இதுவே காரணமாகும்.

நாகதாளி

நமது புற்றரைகளிற் பரவிக் கேடு விளைவிக்கும் உண்மைக் கள்ளி நாகதாளியாகும். இதனைச் சப்பாத்திக்கள்ளியென்றும் வழங்குவர். தாவரவியற் பெயர் ஒப்பன்சியா டில்லெனி. கரீபியன் கடல் சூழ்ந்த நாடுகளிலிருந்து ஐரோப்பியர் வழியாக ஆசியாவை அடைந்து, வேலிக்காக நடப்பட்டு, வேலியைக் கடந்து வெளியேறியது. யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் ஆகிய பகுதிகளின் கரையோர மணல்வெளிகளில் இதனைக் காணலாம். அம்பாந்தோட்டைக் கரையில் இது மிகுதியாகப் பரவியுள்ளது. 1990 ஆம் ஆண்டில் றம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட புந்தல பிரதேசத்தில், நாகதாளியும் சீமையுடையும் இயற்கைப் பற்றைகளையும் புற்றரைகளையும் ஆக்கிரமித்து வருதல் பலரும் அறிந்ததே.

புல்லுள்ள இடத்தில் நாகதாளி புகுந்தால், முதலிற் கால்நடை நடமாட்டம் குறையும். கால்நடை செல்லாத இடத்தில் முள்ளுடை மரங்கள் தலைதூக்கும். சில ஆண்டுகளில் அவ்விடம் மேய்ச்சலுக்கு உதவாததாகிவிடும். கடும் வரட்சியில் வேறு தீனியின்றி இதனைக் கடிக்கும் ஆடுமாடுகளின் நாக்கிலும் உதட்டிலும் முள்ளேறிப் புண்ணாகும். புண்பட்ட விலங்கு பின்னர் நல்ல தீனியையும் உண்ண இயலாது மெலியும்.

வளர்ந்த நாகதாளியின் அடையாளங்கள்

தண்டு: தட்டையான மடல்கள் ஒன்றன்மேலொன்றாகப் பொருந்தியவை. ஒவ்வொரு மடலும் அடியில் ஒடுங்கி மேலே அகன்றிருக்கும். படமெடுத்த நாகத்தின் தலையை இது நினைவூட்டும். நீளம் பெரும்பாலும் 10 முதல் 30 சதமமீற்றர் வரை. நிறம் நீலம் படர்ந்த பச்சை. செடி ஒன்று முதல் இரண்டு மீற்றர் உயரம் வளர்ந்து, பக்கவாட்டில் அகன்று புதராகும். மடலை இலையென்று பலர் கருதுவர், அது தண்டேயாகும்.

இலை: இளமடல்களில் மாத்திரம் கூம்பு வடிவான மிகச் சிறிய இலைகள் காணப்படும். அவை விரைவில் உதிர்ந்துவிடும்.

கண்கள்: மடலின் இரு பக்கங்களிலும், இடைவெளிவிட்டு வரிசையாக அமைந்த சிறு புள்ளிகளைக் காணலாம். இவற்றைக் கண்களென்போம். முள், பூ, புதுமடல், வேர் யாவும் இக்கண்களிலிருந்தே தோன்றும். உண்மைக் கள்ளியை வேறு செடிகளினின்றும் பிரித்தறிவதற்கு இக்கண்ணே முதன்மையான அடையாளமாகும்.

முள்: இரு வகை. ஒன்று, மஞ்சள் நிறமான, சற்றே வளைந்து தட்டையான பெருமுள். ஒரு கண்ணில் ஒன்று தொடக்கம் பல வரை இருக்கும். சில கண்களில் இல்லாமலும் போகும். மற்றது, கண்ணினடியிற் கற்றையாயுள்ள, மயிரினும் மெல்லிய மஞ்சட் சுணை. பெருமுள் இல்லாத மடலைக் கண்டு ஆபத்தில்லையென எண்ணிக் கையால் தொடுவோர் இச்சுணைக்கே இரையாவர். சுணையின் நுனியிற் பின்னோக்கிய நுண்கொளுக்கிகள் இருத்தலால், அது தோலில் எளிதாகப் புகும்; எளிதாக வெளிவராது.

பூ: மடலின் மேல்விளிம்புக் கண்களிலிருந்து எழும். எலுமிச்சை மஞ்சள் நிறம். விரிந்த பூவின் அகலம் ஏறத்தாழ 6 முதல் 8 சதமமீற்றர். இதழ்களும் மகரந்தக் கேசரங்களும் மிகப் பல. கேசரங்களை ஓர் ஈர்க்கினால் மெல்லத் தொட்டால், அவை உள்நோக்கி வளைவதைக் காணலாம்.

பழம்: முற்றியபோது கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிறம்; பேரிக்காய் வடிவம்; தலைப்பக்கம் குழிந்திருக்கும். உள்ளே செந்நிறச் சாறும் கடினமான பல விதைகளும் இருக்கும். பழத்தின் தோலிலுங் கண்களுஞ் சுணையும் உள. பழம் உண்ணத்தக்கதாயினும், சுணையை முற்றாக நீக்காது சிறுவர்கள் வாயிலிடுவது பெருந்துன்பத்தைத் தரும்.

சாறு: மடலைக் கீறினால் நிறமற்ற, வழுவழுப்பான நீர் கசியும். பால் வாராது.

சிறு செடியை அறிதல்

வளர்ந்த நாகதாளியை அறியாதார் சிலரே. ஆனால் களைவதற்கு ஏற்ற பருவத்தில், அதாவது புல்லுக்குள் மறைந்து ஒரு சாணுக்குக் குறைவாக நிற்கும்போது, அதனை இனங்காண்பது அத்துணை எளிதன்று. அப்பருவத்தில் இரு வகைச் செடிகளை எதிர்பார்க்க வேண்டும்.

முதலாவது, விதையிலிருந்து முளைத்தது. முதலிற் சதைப்பற்றான இரு வித்திலைகள் விரியும். அவற்றின் நடுவே எழுந் தண்டு நாம் எதிர்பார்ப்பது போலத் தட்டையாயிராது. அது சிறு விரல் போல உருண்டு, மெல்லிய மயிரும் நுண்முட்களும் போர்த்தியிருக்கும். இதனைக் கண்டு வேறேதோ காட்டுச்செடியென விட்டுவிடுவோர் பலர். அடுத்தடுத்து வரும் மடல்களிலேயே தட்டை வடிவம் தெளிவாகும். காகம், குரங்கு, மாடு முதலியன பழத்தையுண்டு விதையைப் பரப்புவதால், இவ்வகைச் செடிகளைப் பெரும்பாலும் மர நிழலிலும், பறவை தங்குங் கம்பிவேலி ஓரத்திலும், மாடு படுக்குமிடத்திலும் தேடுதல் வேண்டும்.

இரண்டாவது, உடைந்து விழுந்த மடலிலிருந்து எழுந்தது. இதன் அடியிற் சுருங்கிய பழைய மடலொன்று பாதி மண்ணிற் புதைந்திருக்கும். அதன் விளிம்பிலிருந்து பளிச்சென்ற பச்சை நிறத்துடன் இளமடல் நேரே நிமிர்ந்து நிற்கும். வண்டிப்பாதை, உழவியந்திரம் திரும்புமிடம், வெள்ளம் வடியும் வாய்க்கால், குளக்கட்டின் அடி ஆகியவற்றில் இவ்வகையையே மிகுதியாகக் காணலாம்.

போலிகள்

நாகதாளியோடு மயங்குதற்கிடமான செடிகள் நான்கு. இவற்றுள் ஒன்றேனும் உண்மைக் கள்ளியன்று.

சதுரக்கள்ளி: யூபோபியா அன்ரிகுவோரம் எனப்படும் இச்செடி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது, இந்நாட்டு வறண்ட பற்றைகளுக்கு உரியது. தண்டு தட்டையன்று, மூன்று முதல் ஐந்து வரையான விளிம்புகளுடன் பட்டை பட்டையாக எழும். முட்கள் விளிம்பின் பல்தோறும் இரண்டிரண்டாக, சோடியாக நிற்கும், கண்ணுமில்லை, சுணையுமில்லை. பூக்கள் மஞ்சள் படர்ந்த மிகச் சிறியவை. நாகதாளிப் பூப்போற் கண்ணைக் கவரா. தண்டு சிறிது கீறுபட்டாலும் வெண்பால் பெருகும். அப்பால் தோலை எரிக்கும். கண்ணிற் பட்டாற் பார்வைக்கே ஊறு செய்யும்.

கொம்புக்கள்ளி: திருகுகள்ளியென்றுஞ் சொல்லப்படும். ஆபிரிக்காவிலிருந்து வந்து நெடுங்காலமாக வேலியாய் நிற்பது. எழுதுகோற் பருமனுள்ள பச்சைக் கிளைகள் கொத்தாக இருக்கும். முள் இல்லை. பால் உண்டு, அதுவுங் கண்ணுக்குத் தீயது.

கள்ளிமுளையான்: கரலூமா என்னும் சாதியைச் சேர்ந்த இச்சிறு செடியே சிறு நாகதாளியோடு மிகவும் மயங்குவது. பற்றைகளின் அடியிலும், கல்லிடுக்கிலும், புல்லுக்கிடையிலும் ஒரு சாண் அளவில் எழுந்து நிற்கும். தண்டு நான்கு விளிம்புடையது. சாம்பல் படர்ந்த பச்சை நிறம். இலையற்றது போலத் தோன்றும். விளிம்புகளிற் பல் போன்ற முனைகள் உள. ஆயின் அவை மென்மையானவை, குத்துவதில்லை. கண்ணுஞ் சுணையும் இல்லை. பூக்கள் ஐந்து பிரிவுடைய சிறு நட்சத்திரம் போன்றவை. தண்டின் நுனியிற் குடைபோலக் கருஞ்சிவப்புப் பூக்கள் கூடி நிற்கும் இனமும் உண்டு. அதன் நாற்றம் அழுகிய இறைச்சியை ஒக்கும். ஈக்களே அப்பூவை நாடிவந்து மகரந்தத்தைக் கொண்டுசெல்லும். காய்கள் மெலிந்து நீண்ட கொம்புகள் போன்றவை. வெடித்தபின் பட்டுக் குஞ்சம் பூண்ட விதைகள் காற்றிற் பறக்கும். எருக்கம் விதையைக் கண்டோர் இவற்றின் உறவை உடனே உணர்வர். இரண்டும் ஒரே குடும்பத்தனவே.

கள்ளிமுளையான் புல்லை நெருக்குவதில்லை. கால்நடைக்கு ஊறு செய்வதுமில்லை. இந்தியாவின் வறண்ட மாவட்டங்களில் இதனினங்களை மக்கள் உணவாகக் கொண்டதுமுண்டு. இதனைக் களையெனப் பிடுங்கியெறிவது பயனற்ற செயலாகும்.

பிரண்டை: இதனைத் துவையலாக அறியாத வீடு நம்மிடையே அரிது. ஆயினும் புல்லுக்குள் இலையுதிர்ந்து கிடக்குந் துண்டைக் கண்டு சிலர் ஐயுறுவர். கணுவுக்குக் கணு இடுங்கிய நாற்பட்டைத் தண்டும், கணுவில் எழும் பற்றுக்கொடியும், அகன்ற இலையும், சிவந்த சிறு பழமும் இதனைத் தெளிவாகக் காட்டும். முள் கிடையாது.

ஐயந்தீர ஐந்து வினாக்கள்

நிலத்திற் சதைச்செடியொன்றைக் கண்டால், அதனைத் தொடுமுன் கீழ்வரும் வினாக்களை இவ்வொழுங்கிலேயே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

1. தண்டு தட்டை மடலா, பட்டையுள்ளதா, உருண்டதா? தட்டை மடலாயின் நாகதாளி. ஏனையவாயின் அடுத்த வினாவுக்குச் செல்க.

2. தண்டின்மேல் இடைவெளிவிட்ட கண்களும் அவற்றிற் சுணையும் உளவா? உளவாயின், தண்டு உருண்டிருந்தாலும் அது இளநாகதாளியாகவோ வேறோர் உண்மைக் கள்ளியாகவோ இருத்தல் வேண்டும்.

3. முட்கள் விளிம்பில் இரண்டிரண்டாக நிற்கின்றனவா? ஆயின் சதுரக்கள்ளி.

4. விளிம்பிலுள்ள பல் மென்மையானதா? ஆயின் கள்ளிமுளையான். இதனை ஒரு புற்றண்டினால் தொட்டறிக; விரலால் அன்று.

5. இன்னும் ஐயமாயின், முகத்தைத் திருப்பி, கைக்கெட்டிய தூரத்திலிருந்து ஒரு கூரிய குச்சியாற் சிறிது கீறுக. வெண்பால் கசிந்தாற் பாற்கள்ளி. நிறமற்ற நீராயின் ஏனைய மூன்றிலொன்று. இச்சோதனை இறுதியாகவே செய்யப்படல் வேண்டும்.

பூ உள்ள காலத்தில் இவ்வளவும் வேண்டியதில்லை. பெரிய மஞ்சட் பூ நாகதாளியையும், நட்சத்திரப் பூ கள்ளிமுளையானையும் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும்.

வெட்டினாற் பெருகுவது ஏன்?

மன்னார்ப் பகுதியில் மேய்ச்சற்காணியொன்றைத் துப்புரவாக்கிய முதியவரொருவர் என்னிடம், “ஒன்றை வெட்டினேன் தம்பி, பத்தாய் நிற்கிறது” என்றார். அவர் சொன்னது மிகையன்று. நாகதாளியின் இயல்பையே அவர் கூறினார். ஒவ்வொரு மடலும் தனியே ஒரு செடியாகும் ஆற்றலுடையது. மண்ணிற் படுங் கண்களிலிருந்து வேரும், மேலேயுள்ள கண்களிலிருந்து புதுமடலுந் தோன்றும். பத்து மடலுள்ள செடியை வெட்டிச் சிதறவிடுவது, பத்துச் செடிகளை நடுவதற்கு ஒப்பாகும்.

வெட்டிய மடல் வெயிலிற் காய்ந்து இறந்துவிடுமென எண்ணுதலும் தவறு. பிற பயிர்கள் பகலிற் தம் மூச்சுத்துளைகளைத் திறந்து நீரை இழக்கின்றன. கள்ளியோ வெயிற் பொழுதில் அத்துளைகளை மூடிவைத்து, குளிர்ந்த இரவில் திறந்து காற்றை உட்கொள்ளுகின்றது. இதனால் அதன் நீரிழப்பு மிகக் குறைவு. வெட்டுண்ட மடல் பல மாதங்கள் உயிருடன் கிடந்து, முதல் மழைக்கு வேர்விடுவது இக்காரணத்தாலேயே. உழவியந்திரத்தாற் கலைத்துவிடுவது இதனினுங் கேடானது. மடல்களைத் துண்டாக்கி வயலெங்கும் விதைத்துவிடும்.

களையும் முறை

காலம்: வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மண் இன்னுஞ் சிறிது நெகிழ்ந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. அப்போது வேர் எளிதில் வரும். தொடர்ந்து வரும் வரட்சி, தப்பிய துண்டுகள் வேரூன்றுவதைத் தடுக்கும்.

ஆயத்தம்: தடித்த தோற் கையுறை, மூடிய சப்பாத்து, நீளக் கைச்சட்டை, கண்களை மறைக்குங் கண்ணாடி ஆகியவை வேண்டும். கவைத்தடி, நீண்ட இடுக்கி, அலவாங்கு, மண்வெட்டி, பழந்தறப்பாள் ஒன்று ஆகியவற்றையும் எடுத்துக்கொள்க.

செய்கை: முதலிற் பழங்களை இடுக்கியாற் பறித்து மூடக்கூடிய பையிலிடுக. பின் செடியைச் சுற்றித் தறப்பாளை விரித்து, மேல் மடல் தொடக்கம் கீழ்நோக்கி ஒவ்வொன்றாக வெட்டி அதன்மேல் விழச் செய்க. இறுதியாக அடித்தண்டை அலவாங்கால் நெம்பி வேரோடு எடுக்க. சிறு செடியாயின் வெட்டவேண்டியதேயில்லை. மண்ணோடு தோண்டி முழுதாக எடுத்துவிடலாம். வேலை முடிந்தபின் அவ்விடத்தைச் சுற்றி நடந்து, விழுந்த சிறு துண்டுகளையும் பொறுக்குதல் வேண்டும்.

அழித்தல்: சேர்த்த மடல்களை ஆழமான குழியிலிட்டு மிதித்து நசுக்கி, மேலே 60 சதமமீற்றருக்குக் குறையாத மண்ணிட்டு மூடுக. குழி தோண்ட இயலாத இடத்தில், வெறும் பாறையின்மேல் மண் படாது பரப்பி, முற்றாக உலர்ந்து மடியும்வரை விட்டு, பின்னர் எரிக்கலாம். வரண்ட புல்லுக்கருகிலோ, சோளகக் காற்று வீசும்போதோ தீ மூட்டலாகாது. தெருவோரத்திலும், குளக்கட்டிலும், வாய்க்காலிலும் மடல்களைக் கொட்டுவது அயலவர் நிலத்துக்கு அனுப்பிவைப்பதற்குச் சமமாகும்.

பின்பார்வை: மண்ணிற் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் முளைக்குந் திறனுடையவை. ஆகையாற் களைந்த நிலத்தை ஒவ்வொரு பருவமழையின் பின்னும் சென்று பார்த்தல் வேண்டும். முதலிரண்டு ஆண்டுகளில் எழுஞ் சிறு செடிகளை விடாது அகற்றினால், பின்னர் வேலை மிகக் குறையும். பூச்சட்டியில் அழகுக்காகக் கள்ளி வளர்ப்போரும், கழித்த துண்டுகளை வெளிநிலத்தில் எறியாதிருத்தல் நன்று.

இரண்டு எச்சரிக்கைகள் ஈண்டு அவசியமாகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் 2009 வரை நடந்த போரினாற் கைவிடப்பட்டுப் பற்றைவளர்ந்த காணிகளில், கண்ணிவெடி அகற்றப்பட்டதென உரிய அதிகாரிகள் உறுதிசெய்யாத எவ்விடத்திலும் தோண்டலாகாது. தேசிய பூங்காக்களிலும் ஒதுக்குக் காடுகளிலும் உரிய திணைக்களத்தின் அனுமதியின்றி எச்செடியையும் வெட்டலாகாது.

முள்ளும் பாலும் பட்டால்

சுணை ஏறிய தோலைத் தேய்க்கவோ, வாயால் உறிஞ்சவோ கூடாது. தேய்த்தால் உள்ளே முறியும், உறிஞ்சினால் உதட்டிலும் நாக்கிலும் ஏறும். நல்ல வெளிச்சத்திற் சாவணத்தால் ஒவ்வொன்றாக எடுத்தல் வேண்டும். எஞ்சிய நுண்சுணைக்கு, வெள்ளைப் பசையைத் தோலில் மெல்லியதாகப் பூசி, அதன்மேல் மெல்லிய துணியை ஒட்டி, நன்கு காய்ந்தபின் உரித்தெடுக்கலாம். கண்ணிற் சுணை புகுந்தால் வீட்டு வைத்தியஞ் செய்யாது வைத்தியசாலைக்குச் செல்க.

கள்ளிப்பால் கண்ணிற் பட்டால், உடனே தூய நீரைத் தாராளமாக ஊற்றி, 15 நிமிடமாயினும் விடாது கழுவுதல் வேண்டும். எரிவு குறைந்தாலும் வைத்தியரிடங் காட்டுதல் கட்டாயமாகும். பால்பட்ட கையாற் கண்ணைத் தொடுவதே பெரும்பாலும் இவ்விபத்துக்குக் காரணமாகையால், வேலையின் முடிவிற் கையையும் கருவியையும் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

பூச்சி கற்பிக்கும் பாடம்

இனமறிதலின் பயனைக் காட்டும் வரலாறொன்று நமது நாட்டோடு தொடர்புடையது. 1795 ஆம் ஆண்டிற் பிறேசிலிலிருந்து வங்காளத்துக்குக் கொச்சினீல் என்னுஞ் செதிற்பூச்சி கொண்டுவரப்பட்டது. செஞ்சாயந் தரும் உயர்ந்த இனமென நம்பியே கொணர்ந்தனர். ஆனால் வந்ததோ வேறோர் இனம். சாயத்துக்கு அது சிறவாது போயினும், அங்கு பரவியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை உறிஞ்சி அழித்தது. அதனைக் கண்டு 1836 முதல் 1838 வரையில் தென்னிந்தியாவுக்கும், 1865 க்கு முன்னர் இலங்கைக்கும் அப்பூச்சியைக் கொண்டுசென்றனர். ஒரு களையை அழித்தற்கென்றே ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசென்ற முதல் முயற்சியாக இது கொள்ளப்படுகின்றது. 1896 ஆம் ஆண்டிற் பூச்சியியலறிஞர் கிறீன் அதற்கு இலங்கையின் பெயராலேயே சிலோனிக்கஸ் எனப் பெயரிட்டார்.

ஆயின் அப்பூச்சி அழித்தது ஒப்பன்சியா மொனகாந்தா என்னும் இனத்தையே. நாகதாளி தப்பி நின்றது. நாகதாளியை உண்ணும் வேறொரு கொச்சினீல் இனம் பின்னரே இங்கு வந்தது. 1926 ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து அதனைப் பெற்ற தென்னிந்தியா, சில ஆண்டுகளிற் பரந்த நிலங்களை மீட்டது. மனிதர் யாவற்றையுங் கள்ளியென ஒன்றாகக் கூறினும், பூச்சி தன் செடியைத் தவறாது இனங்கண்டதென்பதே இதிலுள்ள பாடம்.

இன்றும் நாகதாளி மடலிற் பஞ்சு போன்ற வெண்திட்டுக்களைக் காணின், ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். செந்நிறம் தோன்றினால் அது கொச்சினீல் பூச்சியே. அச்செடிக்குப் பூச்சிநாசினி தெளிக்கலாகாது. அதே வேளை, பிறநாட்டுப் பூச்சிகளை எவருந் தாமாகக் கொண்டுவருதலுந் தகாது. அவுஸ்திரேலியாவில் 1926 இல் விடப்பட்ட ஆர்ஜென்ரீனா நாட்டு அந்துப்பூச்சியின் புழுக்கள் சில ஆண்டுகளிற் பெருங் கள்ளிக்காடுகளை அழித்து, நிலத்தைக் கமக்காரரிடம் மீட்டுக்கொடுத்தன. அவ்வினமே 1989 இல் அமெரிக்காவின் புளோரிடாவிற் காணப்பட்டபோது, அந்நாட்டுக்கே உரிய கள்ளிகளுக்கு அச்சுறுத்தலாயிற்று. இத்தகைய உயிரினங்களின் வரவு 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதாகும்.

முடிவுரை

நாகதாளி பெருங்காடாகிய பின் அதனை அகற்றுவதற்கு ஆளும் பணமும் மிகுதியாக வேண்டும். ஒரு சாண் உயரத்தில் நிற்கும்போது, ஒரு மண்வெட்டியும் அறிந்த கண்ணும் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்தபின், உங்கள் மேய்ச்சற்றரையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கண்ணுஞ் சுணையுமுள்ளதை முழுதாக எடுங்கள். பாலுள்ளதற்கு விலகி நில்லுங்கள். மென்பல்லுடைய கள்ளிமுளையானை நின்ற இடத்தில் நிற்கவிடுங்கள். வீட்டிலுள்ள சிறுவர்களையும் உடன் அழைத்துச் சென்று இவ்வேறுபாடுகளைக் காட்டுவீர்களாயின், அடுத்த தலைமுறைக்கும் இவ்வறிவு பயன்படும்.

இனம் ஐயமாயுள்ள செடியை நிழற்படமெடுத்தோ, பாதுகாப்பாகப் பொதிந்த சிறு துண்டாகவோ உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடங் காட்டி ஆலோசனை பெற்றுக்கொள்ளலாம்.